பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கும்போது பேரிங்கை எண்ணாதீர்கள்

தூண்டில் கம்பான ராடின் மேல் உட்கார்ந்து, தூண்டில் நரம்பு சுற்றிய ஸ்பூல் என்ற உருளையே சுழன்று நரம்பை விடும் ரீல்தான் பெய்ட்காஸ்டர். அதன் பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகியிருப்பது பேரிங் எண்ணிக்கைதான். 7+1, 10+1, மலிவு ரீல்களில் 18+1 என்றுகூடப் பார்க்கலாம். அதற்கடுத்து கியர் விகிதம், அதாவது ஹேண்டிலின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது. பிறகு, மீன் பலமாக இழுத்தால் நரம்பை இறுக்கத்தோடு வழுக்கவிடும் டிராக் எத்தனை கிலோ என்ற கணக்கு. ரீல் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற சங்கதிகளை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும்: ஃப்ரேம் எதனால் ஆனது, மெயின் கியர் பித்தளையா அலுமினியமா, ஹேண்டில் அச்சை உள்ளே எது தாங்குகிறது, பிரித்துத் துடைக்க முடியுமா, தேய்ந்த பாகம் தனியாகக் கிடைக்குமா. ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு ரீல்களில் ஒன்று இரண்டாவது பருவத்திலேயே நறநறக்க ஆரம்பிப்பதும், மற்றது பத்து வருஷம் ஓடுவதும் இவற்றால்தான்.

இந்தப் பதிவு நன்னீருக்கு மட்டும். ஏரி, குளம், ஆறு, நீர்த்தேக்கம் என்று போய், 7 முதல் 30 கிராம் வரை எடையுள்ள லூர்களை (செயற்கை இரைகளை) எறிந்து விரால், பாஸ், பைக் போன்ற மீன்களைப் பிடிப்பவருக்கானது. கடலுக்கு உப்பரிப்பு என்று தனிக் கணக்கு உண்டு, அதை இங்கே இழுக்கவில்லை. எறிவதெல்லாம் 5 கிராமுக்குக் கீழே என்றால் சாதாரண பெய்ட்காஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எறியும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், அல்லது ஆழமில்லாத இலேசான ஸ்பூலோடு அதற்கென்றே வரும் ரீலைப் பாருங்கள்.

முதலில் பேரிங் கதையை முடித்துவிடலாம்

"+1" என்பது ஹேண்டில் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ரோலர் கிளட்ச். முன்னால் உள்ள எண்தான் பால் பேரிங். ஒரு பெய்ட்காஸ்டரில் பேரிங் கட்டாயம் இருக்க வேண்டிய இடங்கள் மிகச் சில: ஸ்பூலின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஸ்பூலைச் சுழற்றும் சிறிய பினியன் கியரைத் தாங்க ஒன்று (இரண்டு இருந்தால் இன்னும் நல்லது), ஹேண்டில் அச்சின் உள்முனையில் ஒன்று. நான்கைந்தில் வேலை முடிந்துவிடும். மீதி எல்லாம் ஹேண்டில் குமிழ்களிலும் நரம்பைச் சீராகப் பரப்ப உதவும் வார்ம் ஷாஃப்டின் முனைகளிலும் போய் உட்காருகின்றன. இரண்டு குமிழுக்கும் தலா இரண்டு போட்டாலே எண்ணிக்கையில் நான்கு கூடிவிடும். சுற்ற இதமாக இருக்கும், ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கவனிக்க வேண்டியது ஹேண்டில் அச்சின் உள்முனை. விலை குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர்கள் அங்கே பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) வைத்துவிடுவார்கள். சுமையோடு சுற்றச் சுற்ற அந்த புஷ் நீள்வட்டமாகத் தேயும். அச்சு ஆட்டம் காணும். அச்சு ஆடினால் அதில் உட்கார்ந்திருக்கும் மெயின் கியரும் ஆடும். பத்துப் பேரிங் உள்ள ரீலில் இந்த ஓரிடத்தில் பிளாஸ்டிக் இருந்தால், எல்லா இடத்திலும் நல்ல பேரிங் உள்ள ஐந்து பேரிங் ரீல் அதைவிட மேல். வெடித்த படத்தில், அதாவது பாகங்களைத் தனித்தனியாக வரைந்து எண் போட்டிருக்கும் வரைபடத்தில், இதைப் பார்த்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் பல இந்தப் படத்தை இணையத்திலேயே போடுகின்றன. ரீலை வாங்குவதற்கு முன் அந்தப் படத்தைப் பார்ப்பது பத்து விமரிசன வீடியோக்களுக்குச் சமம் என்பேன்.

துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருந்தாலும் பேரிங் துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும் என்பதுதான் வித்தியாசம். செராமிக் பேரிங் என்று விற்பதிலும் பெரும்பாலும் குண்டுகள் மட்டுமே செராமிக், அவை ஓடும் வளையங்கள் எஃகுதான்.

ஃப்ரேம்

ஆயுள் என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஃப்ரேம் அலுமினியம், மெக்னீசியம், கிராஃபைட் என்று மூன்று வகையில் வரும். கிராஃபைட் என்று சொன்னாலும் அது நார் கலந்த நைலான் பிளாஸ்டிக்தான்.

பிளாஸ்டிக் ஃப்ரேம் உடைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உடைவது அபூர்வம். தொல்லை வளைவதில் இருக்கிறது. பெரிய மீன் இழுக்கும்போது, அல்லது புல்லில் மாட்டிய லூரை ராடை வளைத்து இழுக்கும்போது, நரம்பு ஸ்பூலை முன்பக்கம் இழுக்கிறது. அதே நேரம் நீங்கள் ஹேண்டிலைத் திருப்புகிறீர்கள். ஃப்ரேம் அரை மில்லிமீட்டர் நெளிந்தாலும், ஸ்பூலோடு இணைந்திருக்கும் பினியனும் ஹேண்டில் அச்சில் இருக்கும் மெயின் கியரும் ஒன்றையொன்று விட்டு அந்த அளவுக்கு விலகும். முழு ஆழத்துக்குப் பொருந்தி ஓட வேண்டிய பற்கள் நுனியில் மட்டும் கடித்துக்கொண்டு ஓடும். நுனி தேயும், ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகும், பிறகு சுமையே இல்லாமல் சுற்றும்போதும் விரலில் அந்த நறநறப்பு தெரியும். கிரீஸ் போட்டால் ஒரு வாரம் சத்தம் அடங்கும். தேய்ந்த பல் தேய்ந்ததுதான்.

ஒரே கட்டியாக வார்த்தோ கடைந்தோ எடுத்த அலுமினிய ஃப்ரேம் இதற்கு நல்ல மருந்து. ஆனால் "அலுமினியம் ஃப்ரேம்" என்ற சொல்லை முழுதாக நம்பிவிடாதீர்கள். ரீலுக்கு ஃப்ரேம் தவிர இரண்டு சைடு பிளேட் உண்டு. ஹேண்டில் பக்கத்து சைடு பிளேட்டும் ஹேண்டில் அச்சைத் தாங்குகிறது, ரோலர் கிளட்ச் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். நடு ஃப்ரேம் அலுமினியமாகவும் அந்தப் பிளேட் பிளாஸ்டிக்காகவும் இருக்கும் ரீல்கள் நிறைய. நடுத்தர வேலைக்கு அது போதும். கனமான ஸ்விம்பெய்ட் (மீன் வடிவ லூர்), அடர்ந்த பாசிக்குள் தவளை லூர் என்று போகிறவர் ஹேண்டில் பக்கப் பிளேட்டும் உலோகமாக இருப்பதைத் தேடுவது நல்லது.

கார்பன் நார் கூட்டிச் செய்த உயர்தரப் பிளாஸ்டிக் வேறு ரகம். ஷிமானோவின் சிஐ4+, டைவாவின் ஸையான் போன்றவை மலிவு கிராஃபைட்டைவிட எவ்வளவோ விறைப்பானவை. அவற்றைப் பிளாஸ்டிக் என்று ஒதுக்கத் தேவையில்லை. மெக்னீசியம் இலேசு, விறைப்பு, நன்னீருக்குச் சரி. மேல்பூச்சு கீறிய இடத்தில் உப்புநீர் பட்டால் வேகமாக அரித்துவிடும் என்பதால், எப்போதாவது கழிமுகத்துக்கும் எடுத்துப் போகிறவர் அலுமினியத்தோடு நிற்கட்டும்.

பல்சக்கரங்கள்

அமெரிக்காவில் இந்த வகை ரீலுக்கு அடி போட்ட ஜார்ஜ் ஸ்னைடர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியின் பாரிஸ் என்ற ஊரில் இருந்த கடிகாரத் தொழிலாளி. ஒரு சுற்றுக்கு ஸ்பூல் பலமுறை சுழல வேண்டும் என்ற ஏற்பாடு கடிகாரப் பட்டறையில் பிறந்ததில் ஆச்சரியமில்லை. இன்றும் ரீலின் உள்ளே நடப்பது அதுதான்: பெரிய மெயின் கியர், சிறிய பினியன், இரண்டின் அச்சும் இணையாக. ஸ்பின்னிங் ரீலில் போல விசை செங்குத்தாகத் திரும்ப வேண்டியதில்லை. அதனால்தான் கனமான வேலைக்குப் பெய்ட்காஸ்டர் தாக்குப்பிடிக்கிறது.

மெயின் கியர் பித்தளையாக இருந்தால் கனம் கூடும், தேய்மானம் குறையும். டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்தால் ரீல் இலேசாகும், முரட்டு வேலையில் சீக்கிரம் தேயும். நீடித்த உழைப்பு வேண்டுமென்றால் பித்தளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கையில் 15 கிராம் கூடுவதற்காக யாரும் மீன் பிடிப்பதை விட்டதில்லை.

விகிதத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு, அதைப் பலரும் யோசிப்பதில்லை. ரீலின் உள்ளே இடம் குறைவு. மெயின் கியரை ஓரளவுக்கு மேல் பெரிதாக்க முடியாது. விகிதத்தைக் கூட்ட வேண்டுமானால் பினியனைச் சிறிதாக்க வேண்டும். உதாரணமாக 70 பல் மெயின் கியருக்கு 13 பல் பினியன் போட்டால் 5.4:1. பினியனை 10 பல்லாக்கி மெயினில் 71 வைத்தால் 7.1:1. ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஏழு தடவை கடிபடுகிறது, சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளப் பற்களும் குறைவு. எனவே முதலில் தேய்வது எப்போதும் பினியன்தான், விகிதம் கூடக்கூட இன்னும் வேகமாக.

எவ்வளவு நரம்பு உள்ளே வரும் என்பதற்கு விகிதம் மட்டும் போதாது, ஸ்பூலின் விட்டமும் வேண்டும். நரம்பு நிரம்பிய நிலையில் விட்டம் 33 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 104 மி.மீ. 5.4:1 ரீலில் ஹேண்டில் சுற்றுக்கு 56 செ.மீ., 7.1:1இல் 74 செ.மீ., 8.1:1இல் 84 செ.மீ. பாதி நரம்பு வெளியே போய்விட்டால் இந்த எண்கள் எல்லாமே இறங்கும்.

ஆழமாக முங்கும் கிராங்க்பெய்ட், பெரிய ஸ்பின்னர்பெய்ட் போல நீரில் கனமாக இழுக்கும் லூர்களுக்கு 5 அல்லது 6 விகிதம். அதையே 8.1:1இல் நாள் முழுக்க இழுத்தால் மணிக்கட்டும் பினியனும் போட்டி போட்டுக்கொண்டு தேயும். தவளை லூர், ஜிக் போன்று தளர்ந்த நரம்பைச் சட்டென்று வாரிக்கொள்ள வேண்டிய வேலைக்கு 7 அல்லது 8. எல்லாவற்றுக்கும் ஒரே ரீல்தான் என்றால் 6.3:1 முதல் 7.1:1 வரை.

பின்னோக்கிச் சுழலும் ஹேண்டில்

பெய்ட்காஸ்டரில் ரோலர் கிளட்ச் அளவுக்குத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் பாகம் வேறில்லை. ஒரு உருளைக் கூட்டுக்குள் சிறு எஃகு உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு மெல்லிய ஸ்பிரிங். ஹேண்டிலை முன்னால் திருப்பினால் உருளைகள் சும்மா ஓடும். பின்னால் திருப்பினால் அச்சின் மேலுள்ள உறைக்கும் கூட்டின் சரிவுக்கும் இடையே ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். இறுகுவதற்கு உராய்வு வேண்டும். அங்கே கிரீஸ் போய்விட்டால் உருளை வழுக்கும். மீன் கடித்ததும் ராடை வீசி முள்ளைக் குத்தும்போது ஹேண்டில் "டக்" என்று பின்னால் போகும். விரலில் அடிபடும், முள்ளும் சரியாக ஏறாது.

இதை ரீல் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அநேகமாகக் காரணம், சுத்தம் செய்கிறேன் என்று கியருக்கு வைத்த கிரீஸ் வழிந்து அங்கே போனதுதான். கிளட்சையும் அது ஓடும் உறையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, மிக மெல்லிய ரீல் ஆயிலை விரல் நுனியில் தொட்டு உறையின் மேல் பட்டும் படாமலும் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழுக்க உலர்வாகவும் விடக் கூடாது, துருப்பிடிக்கும். அப்படியும் வழுக்கினால் உறையை வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகள் இறுகும் இடத்தில் நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் உறையை மாற்ற வேண்டும்.

சில ரீல்களில் கிளட்சுக்குத் துணையாகப் பல்வெட்டிய தட்டும் அதில் விழும் கொக்கியும் இருக்கும். கிளட்ச் வழுக்கினாலும் ஹேண்டில் சற்றுத் தூரம் போய் அந்தக் கொக்கியில் நின்றுவிடும். கனமான நரம்போடு முரட்டுத்தனமாக முள் குத்துகிறவர் இந்தத் துணை ஏற்பாடு உள்ள ரீலைத் தேர்ந்தெடுக்கட்டும்.

லெவல் வைண்டு, தம்ப் பார், டிராக்

நன்னீரில் உப்பு இல்லை, சேறு இருக்கிறது. கலங்கிய நீரில் ஊறிய பிரெய்டு (பின்னல்) நரம்பு, நுண்ணிய களிமண்ணையும் பாசியையும் சுமந்துகொண்டு நேரே, ஸ்பூலில் நரம்பைச் சமமாகப் பரப்பும் லெவல் வைண்டின் இடவலமாக நகரும் லைன் கைடு வழியாக உள்ளே வருகிறது. அதன் கீழேயே திறந்தபடி ஓடுகிறது வார்ம் ஷாஃப்ட். அந்தச் சேறும் அங்கே இருக்கும் கிரீஸும் சேர்ந்தால் சாணை பிடிக்கிற பசைதான். வார்ம் ஷாஃப்டின் குறுக்குப் பள்ளங்களில் ஓடும் பாவ்ல் என்ற சிறு முள் கூர்மையாகத் தேய்கிறது. அறிகுறி எளிது: லைன் கைடு ஸ்பூலின் ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்கும், பிறகு ஒரு நாள் அங்கேயே நின்றுவிடும். பாவ்ல் விலை குறைந்த பாகம், மூடியைக் கழற்றினால் கையில் விழும், மாற்ற ஐந்து நிமிஷம். மாற்றாமல் ஓட்டினால் ஷாஃப்டின் பள்ளமும் போகும். வார்ம் ஷாஃப்டைச் சுழற்றும் சிறு கியர் பிளாஸ்டிக்காக இருப்பது குற்றமில்லை, அதன் மேல் சுமை குறைவு.

லைன் கைடின் வளையத்தில் செராமிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் பிரெய்டு அறுபடும். சிறிது பஞ்சை உள்ளே விட்டுச் சுழற்றினால் விரிசலில் இழை மாட்டிக்கொள்ளும்.

எறிவதற்காகக் கட்டைவிரலால் தம்ப் பாரை அழுத்தினால் பினியன் நகர்ந்து ஸ்பூல் அச்சிலிருந்து விடுபடுகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் அதை மறுபடி உள்ளே தள்ளுகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தாலும், யோக் என்ற தாங்கி பிசுபிசுத்தாலும் பினியன் அரைகுறையாகச் சேரும். அந்த நிலையில் முள் குத்தினால் பினியனின் பள்ளமும் ஸ்பூல் அச்சின் குறுக்கு முள்ளும் முனை மழுங்கும். அதன் பிறகு சுமையில் "கிளிக்" என்று விடுபடும். எறிந்ததும் ஹேண்டிலைத் திருப்பி பினியனைப் பூட்டிய பிறகே ராடை இழுக்கும் வழக்கம் வேண்டும். ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றுவது இந்தப் பாகத்துக்கு எமன்.

டிராக் எத்தனை கிலோ என்பதை நன்னீரில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பின் தாங்கு திறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் வைப்போம். 12 பவுண்டு நரம்புக்கு 3 முதல் 4 பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. பாசியில் 50 பவுண்டு பிரெய்டு போட்டு டிராக்கைப் பூட்டுகிறவருக்குத்தான் பெரிய எண் தேவை, அவருக்கும் ஃப்ரேமின் விறைப்பு அதைவிட முக்கியம். வாஷர் கார்பன் நாராக இருக்கட்டும். ஃபெல்ட் வாஷர் மெதுவாக வழுக்குவதற்கு நல்லது, சூட்டில் கார்பன் அளவுக்கு நிற்காது. டிராக்குக்கென்று விற்கும் கிரீஸ் தவிர வேறெதையும் வாஷரில் படவிடாதீர்கள்.

எறியும்போது ஸ்பூல் மிதமிஞ்சிச் சுழன்று நரம்பு சிக்காகாமல் அடக்கும் பிரேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காந்த பிரேக்கில் எதுவும் உரசுவதில்லை, தேய்மானமும் இல்லை. மையவிலக்கு பிரேக்கில் பிளாஸ்டிக் கட்டைகள் வளையத்தில் உரசும், வளையத்தை அவ்வப்போது துடைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். மின்னணு பிரேக் சிக்கு விழுவதை அழகாகக் குறைக்கும், கெட்டால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. நீடித்த உழைப்பு ஒன்றே குறி என்றால் முதல் இரண்டில் ஒன்று.

உருண்டை ரீலா, தட்டை ரீலா

ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் 1950களில் ஆபு தயாரித்த அம்பாசடர் 5000 வகை உருண்டை ரீல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காரணம் எளிமை: உலோகத் தட்டுகள், அவற்றை இணைக்கும் தூண்கள், தடித்த பித்தளை கியர், கையால் திருகித் திறக்கக்கூடிய அமைப்பு. பல தலைமுறைகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவும் செய்யும். எடைதான் குறை. உருண்டை ரீல் 280 முதல் 350 கிராம் வரை இருக்கும், தட்டை ரீல் 180 முதல் 230 கிராம். கெளுத்திக்கு ராடைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கும், பெரிய லூரை எறிபவருக்கும் உருண்டை. நாள் முழுக்க எறிந்து எறிந்து சுற்றுபவருக்குத் தட்டை. உள்ளங்கைக்குள் அடங்குவதால் மணிக்கட்டு சீக்கிரம் களைக்காது.

இடதா வலதா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் போல ஹேண்டிலைக் கழற்றி மறுபக்கம் மாட்ட இதில் வழியில்லை.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

டிராக்கை முழுக்க இறுக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எந்த ரீலும் வழவழப்பாகத்தான் தெரியும். நறநறப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் மெயின் கியரில் ஒரு பல்லோ அச்சோ சரியில்லை. சீராக எல்லா இடத்திலும் இருந்தால் கிரீஸ் குறைவு, அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்திப் பாருங்கள், ஒரு தடவை மட்டும், மென்மையாக. கண் சைடு பிளேட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல் இருக்கட்டும். இடைவெளி விரிந்தால், வெளிச்சம் தெரிந்தால், அந்த ரீலைக் கீழே வைத்துவிடலாம்.

ஹேண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் துளி அசைவு இருக்கலாம், மேலும் கீழும் ஆடினால் அச்சைத் தாங்குவது புஷ்தான் என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு ஹேண்டிலைச் சட்டென்று பின்னோக்கித் தட்டுங்கள். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது, ஒரு சுற்றில் எட்டுப் பத்து இடத்தில் நிறுத்தித் தட்ட வேண்டும். புது ரீலிலேயே ஓரிடத்தில் வழுக்கினால் வேண்டாம்.

டிராக்கைப் பாதிக்குத் தளர்த்தி நரம்பை, அல்லது ஸ்பூலில் கட்டிய ஒரு துண்டு நூலை, மெல்ல இழுங்கள். அசையத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் குதிக்கிறதா என்று பாருங்கள், நரம்பு அறுவது அப்போதுதான் நடக்கும். கடைசியாக, ஹேண்டில் இல்லாத பக்கத்துச் சைடு பிளேட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். கையோடு முழுசாக வந்துவிடும் பிளேட் படகிலிருந்து தண்ணீருக்குள் போகப் பிறந்தது. ஃப்ரேமோடு இணைந்தபடி விலகுவது அல்லது கழன்று விழாத ஸ்க்ரூ உள்ளது நல்லது. திறந்திருக்கும்போதே உள்ளே எட்டிப் பாருங்கள்: ஸ்க்ரூக்கள் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் இறங்குகின்றனவா, உலோக மரையில் இறங்குகின்றனவா? பிளாஸ்டிக்கில் என்றால் நான்கைந்து தடவை பிரித்து மாட்டியதும் மரை போய்விடும்.

வாங்கிய பிறகு

ஸ்பூலின் விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே வரை நரம்பு சுற்றுங்கள். பிரெய்டு போடுவதானால் அடியில் ஏழெட்டுச் சுற்று மோனோ (ஒற்றை இழை நரம்பு) வேண்டும். இல்லாவிட்டால் வழவழப்பான அலுமினிய ஸ்பூலின் மேல் மொத்தச் சுருளும் சுழலும், நீங்கள் டிராக் வழுக்குகிறது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவீர்கள். ஸ்பூல் டென்ஷன் குமிழை, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கி, மீதியைப் பிரேக்கிடம் விடுங்கள். குமிழை அழுத்தி இறுக்கி எறிவது ஸ்பூல் அச்சின் முனைகளைத் தேய்க்கும்.

பயணம் முடிந்ததும் டிராக்கை இறுக்கி, மெல்லிய நீர்த்தாரையில் சேற்றை அலசி, உதறி, துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியது முதலில் நீர் வாஷருக்குள் போகாமலிருக்க, தளர்த்துவது வாஷர் நசுங்கி ஒட்டாமலிருக்க. வாளியில் முக்காதீர்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் சேற்றைப் பேரிங்குக்குள் தள்ளும்.

ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய ஆயில், வார்ம் ஷாஃப்டுக்கு ஒரு சொட்டு, குமிழ்களுக்கு ஒவ்வொரு சொட்டு. ஸ்பூல் பேரிங்கில் கிரீஸ் வைத்தால் லூர் பாதி தூரத்திலேயே விழும். மெயின் கியருக்கு அரிசி மணி அளவு கிரீஸ், சிறு தூரிகையால் பற்களுக்குள் பரவும்படி. துரு நீக்கும் ஸ்ப்ரேயை ரீலில் அடிக்க வேண்டாம். அது இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும்.

முழுக்கப் பிரிப்பது பருவத்துக்கு ஒரு முறை போதும். ரீல் தண்ணீருக்குள் முழுகிவிட்டாலோ மணலில் விழுந்தாலோ அன்றே. மணலில் விழுந்த ரீலை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காதீர்கள், திறந்து கழுவிய பிறகுதான் சுற்ற வேண்டும். ஹேண்டில் நட்டுக்கு 10 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். இடது ஹேண்டில் ரீல்கள் பலவற்றில் அது எதிர்மரை, வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் மரை போகும். ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்குங்கள். தம்ப் பாரின் அந்த இரண்டு ஸ்பிரிங்கும் தாங்கியைத் தூக்கியதும் துள்ளி ஓடும், அந்த நேரம் மட்டும் ரீலை ஒரு வெளிப்படையான பைக்குள் வைத்துத் திறங்கள்.

உதிரியாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு பாவ்ல், தாங்கி ஸ்பிரிங் ஒரு ஜோடி, ஸ்பூல் பேரிங் ஒரு ஜோடி, மையவிலக்கு பிரேக் என்றால் அதன் கட்டைகள் ஒரு செட். இவற்றை ரீல் விற்பனையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், மாடல் நின்று சில வருஷத்தில் பாகங்களும் நின்றுபோகும். மாடல் எண் பெரும்பாலும் ரீல் காலின் அடிப்பக்கத்தில் இருக்கும். ராடில் மாட்டிவிட்டால் கண்ணில் படாது, மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் தவறும். ஒரே பெயரில் வந்த அடுத்த தலைமுறை ரீலின் பாவ்ல் பார்வைக்கு அச்சாக இருந்தாலும் உங்கள் வார்ம் ஷாஃப்டின் பள்ளத்தில் உட்காராமல் போகலாம்.